மூக்கை நம்பிய ஐஸ் கம்பெனி

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் வேலைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அடுத்த காரியம் கந்தகத் திரி. ஒரு முழம் பருத்தி நூலை உருக்கிய கந்தகத்தில் தோய்த்துக் காயவைத்திருப்பார். அதன் நுனியைக் கொளுத்திக்கொண்டு இயந்திர அறைக்குள் போவார். குழாயும் குழாயும் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் திரியை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அங்கே அம்மோனியா கசிந்தால் திரியின் புகை பாலாக வெளுத்துவிடும். கசியாவிட்டால் சின்ன நீலச் சுடர் மட்டும்தான். எல்லா மூட்டுகளையும் பார்த்து முடிக்க அரை மணி நேரமாகும். நான் அங்கே பில் போட்ட காலம் முழுவதும், ஒரே ஒரு நாளைத் தவிர, ஈஸ்டர் காலையில்கூட அவர் அதை விட்டதில்லை.

“சவேரியாருக்குச் சாம்பிராணி காட்டுறாருடா” என்று ஐஸ் பார் ஏற்றுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

“நான் காட்டலைன்னா உங்க வீட்ல உங்களுக்குக் காட்டுவாய்ங்க. போங்கலே” என்பார்.

மற்ற ஐஸ் கம்பெனிகளில் சந்தேகம் வந்தால்தான் திரி கொளுத்துவார்கள். இவர் தினமும் செய்தார். கடமையில் அவ்வளவு கண்டிப்பு என்று நான் நினைத்தேன். காரணம் வேறு என்று தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையில் இருந்தது அந்தக் கம்பெனி. முதலாளி குருசாமி. நான் 1998-இல் வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு அங்கே சேர்ந்தேன். அப்பா தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கினால் என்ன வேலை கிடைக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அம்மோனியாவை வைத்து ஐஸ் செய்கிற இடம், நீயும் அதைத்தானே படித்தாய் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் பில் புத்தகத்தின் முன் வந்து உட்கார்ந்தேன்.

முதல் வாரத்திலேயே ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் கேட்டார். “ஏத்தா அன்னாளு, நீ படிச்ச அம்மோனியாவும் இந்தக் குழாயில ஓடுறதும் ஒண்ணா?”

“ஒண்ணுதாண்ணே.”

“அப்புறம் நீ ஏன் பில்லு போடுற?”

நான் அடுத்த பில்லை எழுதினேன்.

ஆனால் பாடம் நினைவிருந்தது. ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன்களைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்த பிறகும் அதனிடம் யாரோடும் சேராத ஓர் எலக்ட்ரான் இணை மிஞ்சி நிற்கிறது. அந்த இணை பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனை இழுத்துவைத்துக்கொள்ளும். அந்த இழுப்பை விடுவித்து, திரவமாக இருக்கும் அம்மோனியாவை ஆவியாக்க நிறைய வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது சுற்றியுள்ள உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் தன்னுள் இறக்கிவைத்த கேன்களிலிருந்து எடுக்கிறது. கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் பாராக உறைகிறது. தேர்வில் இதை நான் வரிசை பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவள்.

நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றி வரும் வேன்கள், சோடாக் கடைகள், கல்யாண மண்டபங்கள், மீன் விற்கிறவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் ஐஸ் எடுத்தார்கள். தினமும் எட்டரை மணிக்குக் கால் பார் ஐஸ் வாங்க வருவது பக்ருன்னிசா அக்கா. பேகம்பூரில் வீடு. தள்ளுவண்டியில் கடல் மீன் வைத்துத் தெருத் தெருவாக விற்பார். நடுத்தெருவில் நின்று அவர் “மீனேய்” என்று ஒரு இழுப்பு இழுத்தால் மூன்றாம் மாடியில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஐஸ் வாங்க வந்தாலும் அதே குரல்தான்.

“அன்னாளு! பார்ல பாதி தண்ணியாத்தான் ஓடுது. உங்க மொதலாளி ஐஸு விக்கிறாரா, குடிநீர் விக்கிறாரா?”

“கத்தாத பக்ரு. கம்ப்ரசரே நின்னுரும் போல இருக்கு” என்று உள்ளேயிருந்து ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் பதில் கொடுப்பார்.

கம்பெனியில் அவருக்கு இருந்த மதிப்பு அவருடைய மூக்கால் வந்தது. 1993-இல் ஒரு நாள் சைக்கிளில் வேலைக்கு வந்தவர், சாலை வளைவிலேயே வாசம் பிடித்து, ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாராம். பார்த்தால் ஒரு மூட்டு விட்டுப்போயிருந்ததாம். அன்றிலிருந்து குருசாமி முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் அவரைக் காட்டிச் சொல்வார். “ஃபாரின்ல இதுக்கு மீட்டர் வச்சிருக்கான். எனக்குத் தனிசு மூக்குப் போதும்.” மற்ற கம்பெனி ஆபரேட்டர்களைவிட அவருக்குச் சம்பளம் அதிகம். அவருடைய மகள் அனிஷா மதுரையில் நர்சிங் படிக்க அந்தச் சம்பளம்தான் ஓடியது.

2000 ஏப்ரலில் ஒரு மதியம். நாங்கள் இருவரும் பில் அறையில் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தூக்குவாளியைத் திறந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தயிர்சாதம் புளித்து நூல் விட்டிருந்தது. அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். இன்னொரு கவளத்தையும் எடுத்தார்.

“அண்ணே, கெட்டுப்போச்சுண்ணே.”

“எது?”

“சோறு.”

அவர் வாளியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். மோந்தார். மோப்பது போலச் செய்தார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. “லேசா” என்றார். அது லேசாக இல்லை. நான் மேசையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து நீட்டினேன். பூ வேன்காரர் காலையில் கொடுத்துவிட்டுப் போனது.

“கண்ண மூடிக்கிட்டு இது என்னன்னு சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடவில்லை. வாளியை மூடினார்.

“எம்புட்டு நாளாண்ணே?”

“மூணு வருசம் இருக்கும். கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. மொதல்ல பூ வாசம் போச்சு, அப்புறம் சாம்பிராணி. கடைசியில இந்தச் சனியனோட வாசமும் போயிருச்சு. கண்ணு எரிஞ்சாத்தான் தெரியுது.” தூக்குவாளியைத் தள்ளிவைத்தார். “அதுக்குத்தான தெனம் திரி கொளுத்துறேன். மூக்கு ஏமாத்தும், திரி ஏமாத்தாது. மொதலாளிட்ட சொல்லிறாத, தாயி. அனிஷாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு.”

நான் சொல்லவில்லை. தினமும் ஒழுங்காகத் திரி கொளுத்துகிற ஒருவர், மூக்கை மட்டும் நம்புகிறவரைவிடப் பாதுகாப்பானவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான வாதம்தான். அடுத்த வருடம் வரை.

2001 ஏப்ரலில் அவர் ஒரு வாரம் வேளாங்கண்ணி போயிருந்தார். அந்த நேரம் பார்த்து, அம்மோனியா தேங்கும் டாங்கிக்கு அடியில் எண்ணெய் வடிக்கிற வால்வு முழுதாக மூடாமல் நின்றுகொண்டது. அதை மாற்ற வேண்டுமென்றால் டாங்கியைக் காலி செய்து இரண்டு நாள் ஆலையை நிறுத்த வேண்டும். கோடைக் கிராக்கி. குருசாமி முதலாளிக்கு மனம் வரவில்லை. வால்வின் வாய்க்கு மரை போட்ட மூடி ஒன்றைச் செய்து இறுக்கிவிடலாம் என்றார். எங்கள் ஊரில் மூடி செய்ய எங்கே போவார்கள்? பூட்டுப் பட்டறைக்குத்தான். பட்டறைக்காரர் கெட்டியான பித்தளையில் கடைந்து, மெருகேற்றி, அசல் திண்டுக்கல் பூட்டு போலப் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரத்துக்கு மட்டும் வந்திருந்த தற்காலிக ஆபரேட்டர் ஒருவர் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு அதை இறுக்கினார்.

திரும்பி வந்த ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் அதைப் பார்த்ததும் நேராக முதலாளியிடம் போனார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

“பித்தளைய மாட்டிருக்கீங்க மொதலாளி. அம்மோனியாவுக்குப் பித்தளை ஆகாது. இரும்புதான் போடணும்.”

“நம்ம ஊரு பித்தளைய்யா. நூறு வருசம் நிக்கும். சீசன் முடியட்டும், மாத்திரலாம்.”

“அது வரைக்கும் தாங்கலைன்னா?”

“தாங்கலைன்னா கசியும். கசிஞ்சா ஒனக்குத்தான் தெருமுனையிலயே தெரிஞ்சிருமே! அந்த மூக்கு இருக்கயில எனக்கென்ன பயம்?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்த இடத்தில் அவர் தன் மூக்கைப் பற்றிய உண்மையைச் சொல்லியிருந்தால் ஆலை அன்றே நின்றிருக்கும். அவருடைய வேலையும் நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. “சரிங்க மொதலாளி” என்றார். நானும் பில் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பத்துப் பதினைந்து நாளில் அந்த மூடியின் விளிம்பில் அழகான நீலம் பூத்தது. தண்ணீர்க் கணக்குப் பார்க்க அந்தப் பக்கம் போனபோது நானே அதைப் பார்த்தேன். மயில் கழுத்து நிறம். இந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கே பார்த்தேன்? கல்லூரி ஆய்வகத்தில். செம்பு உப்புக் கரைசலில் அம்மோனியாவை விட்டால் ஆழ்ந்த நீலம் வரும். அதைக் கண்டுபிடித்து எழுதியதற்காகவே எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. நைட்ரஜனிடம் மிஞ்சி நிற்கும் அந்த எலக்ட்ரான் இணை போய்ச் செம்பைப் பிடித்துக்கொள்வதால் வருகிற நிறம். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. ஈரமும், திரிக்குக்கூடத் தெரியாத அளவு அம்மோனியாவும் சேர்ந்து, இறுக்கி வைத்த பித்தளையைக் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடச் செய்யும். சோதனைக் குழாயில் தெரிந்தது எனக்கு இயந்திர அறையில் தெரியவில்லை. நான் படித்தது என்ன படிப்பு என்று பிறகு பல நாள் தூக்கமில்லாமல் யோசித்திருக்கிறேன்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. நிலக்கோட்டையிலிருந்து பெரிய பூ வியாபாரிகள் நான்கு பேர் சீசனுக்கு மொத்தமாக ஐஸ் பேச வருவதாக இருந்தது. குருசாமி முதலாளி காலையிலேயே வந்துவிட்டார். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் திரியைக் கையில் எடுத்ததும் தடுத்தார்.

“இன்னைக்கு அந்தக் கந்தக நாத்தத்தக் கெளப்பாதய்யா. பூவு யாவாரம் பண்ற ஆளுக, மூஞ்சியச் சுளிப்பாய்ங்க. அவுக போன பெறகு கொளுத்து.”

அவர் திரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு எனக்கு வாசம் வந்தது. ஐஸ் கம்பெனியில் எப்போதும் மெல்லிய நெடி இருக்கும்தான். இது அதைவிடக் கூடுதல். எழுந்து போய்ச் சொன்னேன்.

“அண்ணே, நெடி கூட அடிக்குது.”

அவருக்குப் பின்னால் முதலாளியும் வியாபாரிகளும் நின்றிருந்தார்கள். முதலாளி சிரித்தபடி அவர்களிடம், “இந்தா, மூக்குக்காரர்ட்டயே கேளுங்க” என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் முகத்தைத் தூக்கி, காற்றை நன்றாக இழுத்தார்.

“எப்பவும் உள்ளதுதான்” என்றார்.

அவர் பொய் சொல்கிறார் என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன்?

எட்டரை தாண்டி விசில் போல ஒரு சத்தம் கேட்டது. பித்தளை மூடி பிளந்துவிட்டது. இயந்திர அறையின் ஜன்னல் வழியாக வெள்ளைப் புகை, ஐஸ் பார் ஏற்றுகிற மேடைப் பக்கம் கொட்டியது. அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்றுதான் படித்திருக்கிறேன். இது குளிர்ந்து, ஈரத்தோடு சேர்ந்து, தரையோடு தவழ்ந்து வந்தது. அந்த ஜன்னலுக்குக் கீழேதான், குளுமையாக இருக்கும் என்று, பக்ருன்னிசா அக்கா தினமும் உட்கார்ந்து ஐஸுக்குக் காத்திருப்பார்.

“காத்துக்கு எதுத்தாப்புல ஓடுங்கலே! ரோட்டுப் பக்கம்!” என்று ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் கத்தினார். எல்லோரும் ஓடினார்கள். பக்ருன்னிசா அக்கா மட்டும் கண்களைப் பொத்திக்கொண்டு மேடையிலேயே சரிந்தார். அண்ணன் ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு புகைக்குள் போனார். அக்காவை இழுத்துவந்து, உறைந்த பாரைக் கழற்றக் கேன்களை முக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் சேலையோடு உட்காரவைத்தார். ஹோஸ் பைப்பை எடுத்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டார். பைப்பை என் கையில் திணித்தார். “நிறுத்தாத. அவ அழுதாலும் நிறுத்தாத” என்று சொல்லிவிட்டு, டாங்கிக்கு அம்மோனியா வருகிற தலை வால்வை அடைக்க மறுபடியும் உள்ளே ஓடினார்.

எனக்குள் இருந்த பட்டதாரி அப்போதுதான் விழித்துக்கொண்டாள். அம்மோனியா காரம். காரத்தை முறிக்க அமிலம். “யாராச்சும் எலுமிச்சம்பழம் கொண்டாங்க!” என்று கத்தினேன். சோடாக்காரர் பழத்தோடு ஓடிவந்தார். இருமிக்கொண்டே வெளியே வந்த அண்ணன் அதைத் தட்டிவிட்டார்.

“வெந்த கண்ணுல அதப் புழிவியா? கண்ண அவிச்சுப்புடாத! தண்ணி மட்டும். தண்ணிதான் இத இழுக்கும்.”

அரை மணி நேரம் தண்ணீர் விட்டோம். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் தப்பியது. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது குரல் இல்லை. தொண்டைக்குள் இருந்த ஈரத்திலேயே அம்மோனியா கரைந்து, உள்ளே வெந்துபோயிருந்தது. பிறகு கொஞ்சம் மீண்டது. காகிதத்தைக் கசக்குவது போன்ற ஒரு கரகரப்புதான்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். “முன்னாடியே வாசம் வந்துச்சா?” என்று ஸ்தனிஸ்லாஸ் அண்ணனிடம் கேட்டார்.

“இல்ல சார். படார்னு விட்டுருச்சு.”

என்னிடமும் கேட்டார். “எனக்குத் தெரியல சார்” என்றேன். அனிஷாவின் படிப்புக்காகச் சொன்னேனா, வாசத்தைச் சொன்னவள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்களே என்ற பயத்தில் சொன்னேனா என்று பல முறை என்னைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

பக்ருன்னிசா அக்கா மறுபடியும் வண்டி தள்ள ஆரம்பித்தார். கூவ முடியாததால் ஓர் அலுமினியத் தட்டைக் கத்திப் பிடியால் தட்டிக்கொண்டே போனார். பழைய தெருக்களில் தெரிந்தவர்கள் வந்தார்கள். மாடி வீடுகள் விட்டுப்போயின. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் கம்பெனிக்கு வந்து, வாழையிலையில் சுற்றிய மீனை ஸ்தனிஸ்லாஸ் அண்ணனிடம் கொடுப்பார்.

“எங் கண்ணக் காப்பாத்திக் குடுத்த மனுசன். துட்டுன்னு சொன்னா இனி ஐஸு எடுக்க வரமாட்டேன், வாங்குங்கண்ணே” என்பார் அந்தக் கரகரப்பில்.

அவர் போனதும் அண்ணன் பொட்டலத்தை என் மேசையில் வைப்பார். “நீ கொண்டுபோ. என்னால முடியல.”

ஒரு சனிக்கிழமை அவர் சொன்னார்: “நான் அவளுக்கு ஒண்ணு கடன்பட்டிருக்கேன் அன்னாளு. துட்டு இல்ல, ஒரு பேச்சு. எனக்கு மூக்கு இல்ல, தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்னு அவகிட்ட சொல்லணும். அப்புறம் அவ மீனக் குடுத்தாலும் சரி, செருப்பால அடிச்சாலும் சரி.”

“எப்பண்ணே சொல்வீங்க?”

“அனிஷா படிப்பு முடியட்டும்.”

படிப்பு முடிந்தது. அந்த மாதமே அவர் முதலாளியிடம் போய், தனக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று தானாகச் சொல்லி வேலையை விட்டார். “இதச் சொல்ல இம்புட்டு வருசமா?” என்று முதலாளி கேட்டாராம். பிறகு ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி ஒன்றில் கேட் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். முதலாளியிடம் சொன்ன அந்த வாக்கியத்தைப் பேகம்பூருக்கு மட்டும் அவரால் கொண்டுபோக முடியவில்லை. நோன்பு நாளில் ஒரு முறை போனார். நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினார். இன்னொரு முறை, 2005-இல், என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“பக்ரு, அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே...” என்று தொடங்கினார்.

“அன்னைக்குப் பேச்ச எதுக்குண்ணே எடுக்குறீங்க? மகளுக்கு மாப்பிள்ள பாக்குறீங்களாம்ல?” என்று அக்கா உள்ளே போய், புதுச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். “அவளுக்குன்னே எடுத்தேன்.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சேலையைத் தடவிக்கொண்டிருந்தார். தெருமுனை வந்தபோது, “நீ சொல்லிருக்கலாம்ல?” என்று என்னிடம் கோபப்பட்டார்.

“அது நீங்க குடுக்க வேண்டியதுண்ணே” என்றேன். அது நியாயமா, அல்லது கோழைத்தனமா?

அடுத்த ஆண்டு ஜூனில் மண்டி கேட்டிலேயே நெஞ்சு வலி வந்து அவர் இறந்துபோனார். ஐம்பத்து மூன்று வயது. திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பக்ருன்னிசா அக்கா முக்காடு போட்டு நின்றிருந்தார். கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்தார்.

“புள்ள, போன வாரம் போன்ல பேசுனாரு. நேர்ல வாரேன், ஒரு விசயம் சொல்லணும்னாரு. ஒனக்குத் தெரியுமா என்னன்னு?”

எனக்குத் தெரியும். வார்த்தை நாக்கு வரை வந்தது. அந்தக் கரகரப்பான குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கையில், இதைச் சொன்னால் என் பங்கையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“தெரியலக்கா” என்றேன். விசாரணை அதிகாரிக்குச் சொன்ன அதே பதில்.

“நல்ல விசயமாத்தான் இருக்கும்” என்றார் அக்கா. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பேகம்பூர் பக்கம் நடந்தார்.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் பக்ருன்னிசா அக்காவுக்குத் தர வேண்டியிருந்த அந்த ஒரு பேச்சு இன்னும் கொடுபடாமல்தான் இருக்கிறது.